கோடு விழாத மண்ணீரல்

5

நாலு மணிக்குச் சின்ன டாக்டரின் வேலை போகப்போகிறது. இப்போது மணி ஒன்றே கால்.

மச்சினனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவனுடைய வயிற்றெரிச்சல் வேறு. ஆஸ்பத்திரி ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் துப்பறிவாளரும் சின்ன டாக்டரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சினனுக்கு நாற்காலி இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். இந்த அரை மணி நேரத்தில் துப்பறிவாளர் மூன்று தடவை, "என்ன கண்ணு டாக்டரம்மா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

துப்பறிவாளர் அவனுடைய அக்காவைக் கட்டியவர். வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனை, "கண்ணு நல்லா இருக்கு, என்கூட வா" என்று உதவிக்குச் சேர்த்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷத்தில் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லியிருப்பாரா என்றால், ஒரே ஒரு தடவை. அதுவும் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடி, இவன் எடுத்துக் கொடுத்தபோது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டரம்மா," என்றார் துப்பறிவாளர். "எனக்கு இல்ல. நம்ம மாப்ளே அங்க நின்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கான், அவனுக்காக."

"சுவத்துக்கு நல்ல பெயின்ட் அடிச்சிருக்காங்க மாமா. அதைப் பாராட்டவும் ஒரு ஆள் வேணும்ல."

சின்ன டாக்டர் முப்பத்திரண்டு வயசுப் பெண். படங்களைப் பார்த்து நோயைச் சொல்வதுதான் அவர் வேலை. நாலு நாளாகத் தூங்காத முகம். துப்பறிவாளரைக் கூப்பிட்டதும் அவர்தான்.

"வயித்து ஸ்கேனைச் சும்மா எடுத்தா லிவரும் சாம்பல், அதுல இருக்கிற கட்டியும் சாம்பல். எது எதுன்னு தெரியாது. அதனால கையில ஊசி குத்தி கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்துவோம். அது ரத்தத்தோட ஓடும். கட்டி முந்திக்கிட்டு அதை உறிஞ்சும். ஒரு பத்து செகண்ட் அது மட்டும் வெள்ளையா தெரியும். அதுக்குள்ள படம் எடுத்துடணும்."

"விட்டுட்டா?"

"விட்டா மறுபடி எல்லாம் சாம்பல்."

ரெண்டு மாதத்தில் இரண்டு பேருக்கு அவர் 'கல்லீரலில் ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் மூட்டை தூக்குபவர், இன்னொருவர் பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா. மூன்று வாரத்தில் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால், இரண்டு பேருக்கும் நெல்லிக்காய் அளவில் கட்டி. இன்று நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. அதற்குத் தலைவர் பெரிய டாக்டர், இங்கே இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிறவர்.

"நான் பார்த்த படத்துல கட்டி இல்ல. சத்தியமா இல்ல," என்றார் சின்ன டாக்டர். "யாரோ என் படத்தை மாத்திட்டாங்க. பட்டாணி அளவு கட்டியையே கண்டுபிடிச்சவ நான். பேப்பர்ல போட்டோவோட போட்டாங்க. அதுலேர்ந்து பெரிய டாக்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"பின்ன, இப்படி ஒரு கண்ணு இருந்தா," என்று துப்பறிவாளர் ஆரம்பித்தார்.

நாலு. மச்சினனின் கணக்கில் இன்னொன்று ஏறியது. இனிமேல் சுவரோடு நின்றால் ஆகாது என்று திரைக்கு அருகில் வந்தான்.

"அந்தப் பேப்பர்ல வந்த பட்டாணி படத்தையும் மூட்டைக்காரர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க."

வைத்தார். இவனுக்குக் கல்லீரலும் தெரியாது, குடலும் தெரியாது. ஆனால் இரண்டு படத்தில் எது வேறு என்று பார்க்க டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்ன.

"இதோ இந்த ஓரத்துல ஒண்ணு இருக்கே, புலித்தோல் கணக்கா கோடு கோடா. அது என்ன?"

"மண்ணீரல்."

"மூட்டைக்காரருக்கு அதுல ஏன் கோடு இல்ல? இஸ்திரி போட்டாப்ல வழவழன்னு இருக்கு."

சின்ன டாக்டர் பேங்க் அம்மாவின் படத்தை எடுத்தார். அதிலும் கோடு இல்லை. பெரிய டாக்டர் டூட்டி நாட்களில் எடுத்த படங்கள் நாலைந்தை வரிசையாகத் திறந்தார். எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

"மருந்து வேகமா வந்து மோதினா மண்ணீரல் அதைச் சமமா வாங்கிக்காது. அதான் கோடு விழும்," என்றார் மெதுவாக. "மருந்து மெதுவா வந்தா கோடு விழாது."

"அப்ப யாரும் படத்தை மாத்தல," என்றார் துப்பறிவாளர். "மருந்தையே மெதுவா ஏத்தியிருக்காங்க. கட்டி வெளுக்குறதுக்கு மருந்து பத்தல. அதுவும் உங்க டூட்டி நாள்ல மட்டும். எவ்வளவு தெளிவா எடுத்துச் சொல்றீங்க டாக்டரம்மா."

கோட்டைக் கண்டுபிடித்தவன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான். கரடியாகக் கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.

அடுத்த அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். பூசினாற்போல உடம்பு, எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"மருந்தைப் பம்ப்புதான் தள்ளும். செகண்டுக்கு நாலு மில்லி."

"எப்பவும் நாலா?"

"ஊசியைப் பொறுத்தது சார். பச்சை மூடி போட்ட ஊசி தடியா இருக்கும், முழங்கை மடிப்புல பெரிய நரம்புல குத்துவாங்க. அதுல நாலு போகும். நீல மூடி மெல்லிசு, அதுல ஒன்றரைக்கு மேல தள்ளக் கூடாது. தள்ளினா நரம்பு வெடிச்சு கை வீங்கிடும்."

"யாருக்கு எந்த ஊசின்னு எங்க எழுதி வைப்பீங்க?"

டெக்னீஷியன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "எவ்வளவு மருந்துன்னு எழுதுவோம். ஊசி கலரை எதுக்கு சார் எழுதணும்? ஆளு வந்து படுக்கிறப்பவே கையில எந்த ஊசின்னு தெரியுது. அதுக்குத் தக்கபடி தள்ளுறேன். ஆளு போனா ஊசியும் குப்பைக்குப் போச்சு."

"யாருக்காவது நீலம் போட்டா ஏன்னு கேப்பீங்களா?"

"நரம்பு கிடைக்கலன்னு சிஸ்டர் சொல்லுவாங்க. அதுக்கு மேல என்ன கேக்கிறது? குத்திப் பாத்த அவங்களுக்குத்தானே தெரியும்."

சிஸ்டர் என்றால் இங்கே ஒருவர்தான். 'ஒரே குத்து' சிஸ்டர் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். காலையில் இவர்கள் வந்தபோது வெயிலில் வந்தவர்களென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். எப்பேர்ப்பட்ட ஒல்லிக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாராம்.

"பச்சை ஊசி இல்லாம நீலம் போட்டிருப்பாங்களோ," என்றார் துப்பறிவாளர். "சாமான் வாங்கக் கையெழுத்து போடுறது யாரு?"

"பெரிய டாக்டர்."

துப்பறிவாளரின் புருவம் ஏறி இறங்கியது. மச்சினனைக் கூப்பிடாமலேயே நடந்தார். மச்சினன் பின்னால் ஓடினான்.

பெரிய டாக்டர் விசாரணைக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவில்லை, சிரித்தார்.

"எனக்குப் பொறாமைதான். அதை எதுக்கு மறைக்கணும்? நேத்து வந்த பொண்ணு. ஜனங்க என் ரூம் வாசலைத் தாண்டி அவளைத் தேடிப் போறாங்க. எனக்கு எரியாதா? ஆனா அதுக்காக ஊசியை ஒளிச்சு வைக்கிற ஆள் நான் இல்ல. வாங்க."

அவரே சாவியை எடுத்துவந்து அலமாரியைத் திறந்து காட்டினார். பச்சை ஊசிப் பெட்டிகள் மேல்தட்டு வரைக்கும் அடுக்கியிருந்தன. மூன்று மாதமாக ஒரு நாள்கூடத் தீர்ந்ததில்லை என்று இருப்புப் புத்தகமும் சொன்னது.

துப்பறிவாளர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மணி இரண்டு பத்து.

"சரி மாமா, நீங்க யோசிங்க," என்று மச்சினன் போனை எடுத்தான். கான்ட்ராஸ்ட் ஏற்றிய ஆளை அரை மணி நேரம் வெளியே உட்கார வைப்பார்கள், அலர்ஜி வந்தால் மருந்து போட வேண்டுமென்று ஊசியைக் கழற்ற மாட்டார்கள் என்று எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் கையில் போன் இருந்தால் என்ன செய்வான்? ரிசப்ஷனில் நம்பரை வாங்கி மூட்டைக்காரரின் மகளைக் கூப்பிட்டு, அண்ணன் தங்கச்சி மாதிரி நாலு வார்த்தை பேசி, அப்பாவின் உடம்பை விசாரித்து, அன்று எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இரண்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தது.

படத்தில் மூட்டைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இடது கையைத் தூக்கிக் காட்டியிருந்தார். புறங்கையில் பிளாஸ்திரி. அதன் மேல் நீல மூடி. அந்தக் கையோ, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கையில நரம்பு கிடைக்கலயாம் மாமா. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கிடைக்கும்."

துப்பறிவாளர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அந்தம்மாவா? ஏன்? டாக்டரம்மா மேல அவங்களுக்கு என்ன விரோதம்?"

மச்சினன் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி வராந்தா திருப்பத்துக்கு அழைத்துப்போனான். பேப்பரில் வந்த செய்தியை அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'பட்டாணியைக் கண்ட கண்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. நடுவில் சின்ன டாக்டர், பக்கத்தில் பெரிய டாக்டர், பின்னால் டெக்னீஷியன், அவருக்கும் பின்னால் மெஷின். வலது ஓரத்தில் ஒரு வெள்ளை யூனிபார்ம் கையும் பாதித் தோளும். மற்றதைப் பேப்பர்காரன் வெட்டிவிட்டான்.

"இது யாரோட தோள்னு நினைக்கிறீங்க?" என்றான். "போன கேஸ் பேப்பர்ல வந்தப்போ உங்க பக்கத்துல நின்ன எனக்கு ஒரு காது மட்டும்தான் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல மாமா. அதான் சொல்றேன்."

துப்பறிவாளர் போனோடு சிஸ்டரைத் தேடி நடந்தார்.

ஊசி போடும் அறையில் சிஸ்டர் பஞ்சை உருண்டை பிடித்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நரம்பு கிடைக்கல சார். சில பேருக்கு வெளியில தெரியும், குத்தினா நழுவிடும்."

துப்பறிவாளர் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது மச்சினன் குறுக்கே புகுந்தான்.

"அது கிடக்கட்டும் சிஸ்டர். பேப்பர்ல வந்துச்சே, அந்தப் பட்டாணிக் கட்டி இருந்த அம்மா. அவங்களுக்கு எத்தனை தடவை குத்தினீங்க?"

சிஸ்டர் நிமிர்ந்தார். இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அவர் நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒரே தடவை. மருந்து ஏத்தி ஏத்தி நரம்பெல்லாம் நூலாப் போன கை அது. நாப்பது நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் குடுத்து, தடவித் தடவி, முழங்கை உள்பக்கம் பச்சையை இறக்கினேன். வேற யாரா இருந்தாலும் நீலத்தைப் போட்டு அனுப்பியிருப்பாங்க. நீலத்துல போயிருந்தா அந்தப் பட்டாணி எங்கேர்ந்து தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையிலிருந்த பஞ்சை டப்பாவுக்குள் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீலத்துல தெரியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் துப்பறிவாளர்.

வாசலில் சின்ன டாக்டர் வந்து நின்றிருந்தார். சிஸ்டர் அவரைப் பார்த்தபடியே பேசினார்.

"கண்ணு, கண்ணுன்னாங்க. பேப்பர்லயும் கண்ணு, கேக் வெட்டினப்பவும் கண்ணு. என் கை இல்லாம அந்தக் கண்ணு என்னத்தைப் பாத்துடும்னு பாக்கணும்போல இருந்துச்சு. யாருக்கும் கெடுதல் வரணும்னு நினைக்கல. படம் மங்கலா வரும். என்கிட்ட வந்து, 'என்ன சிஸ்டர், சரியா வரலியே, நீங்க பாத்து வேற ஊசி போட்டுக் குடுங்க'ன்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். கேக்கல. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. அடுத்த ஆளுக்காவது கேப்பாங்கன்னு பாத்தேன். அதுக்கும் கேக்கல."

"உள்ளுக்குள்ள நோய் இருந்தா என்ன ஆகும்னு தோணலியா?"

"தோணுச்சு. தோணத்தான் தோணுச்சு." சிஸ்டர் கையிலிருந்த பஞ்சை டப்பாவுக்குள் போட்டார். "இருபத்திரண்டு வருஷம் சார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வாங்க சிஸ்டர், உங்க ஊசியில வந்த படம், வந்து பாருங்க'ன்னு யாராவது கூப்பிட்டிருக்காங்களா? அந்த இருட்டு ரூமுக்குள்ள என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

மச்சினன் துப்பறிவாளரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளியைப் பிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய நேரம். அவனுக்குத் துள்ள வரவில்லை. அந்த அம்மாளின் மேல் கோபமாகவும் வந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது.

"டாக்டரம்மா," என்றார் துப்பறிவாளர். "படம் மங்கலா இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

சின்ன டாக்டர் உள்ளே வந்தார். "தெரிஞ்சுது."

"'படம் சரியா வரல, திரும்ப எடுக்கணும்'னு ஒரு வரி எழுதினா போதுமே."

"போதும். ஆனா பட்டாணியையே பாத்தவளாச்சே, மங்கல் படத்துல பாக்க மாட்டேனான்னு ஒரு திமிரு." அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், மொத்தம் எத்தனை பேர்?"

"பதினொண்ணு." சிஸ்டர் எந்த நோட்டையும் பார்க்கவில்லை. "மூட்டைக்காரர், இடது புறங்கை. பேங்க்கு அம்மா, வலது மணிக்கட்டு. டிரைவர், இடது மணிக்கட்டு. பின்தெரு தையல்காரம்மா, வலது புறங்கை." பதினோரு பேரையும் கையை வைத்தே சொல்லி முடித்தார்.

இரண்டு பேருக்கு நோய் இருப்பது தெரிந்துவிட்டது. மீதி ஒன்பது பேர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு எங்கெங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன டாக்டர் பெயர்களைக் கணினியில் சரிபார்த்துக்கொண்டு போனை எடுத்தார்.

"நாலு மணிக்குக் கமிட்டி இருக்கே," என்று மச்சினன் ஞாபகப்படுத்தினான். "போய் விஷயத்தைச் சொன்னா உங்க வேலை தப்பிச்சிடும்."

"அது கிடக்கட்டும்," என்று முதல் நம்பரை அழுத்தினார்.

தையல்காரம்மா மூன்றரைக்கெல்லாம் வந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கடையில் கூட்டம், தண்ணீர் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். ஸ்கேனுக்கு அது வசதியாகப் போயிற்று. "போன தடவை படம் சரியா எடுக்கலம்மா, எங்க தப்புதான்," என்று சின்ன டாக்டர் சொன்னதும், அதற்கென்ன, மனுஷங்கதானே என்று கையை நீட்டினார். குச்சிக் கை. நர்ஸிங் முடித்து ஆறு மாதமான ஒரு சிஸ்டர் வார்டிலிருந்து வந்து குத்தினார். கிடைக்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். அதுவும் இல்லை. தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூலையில் 'ஒரே குத்து' சிஸ்டர் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றார். அடுத்தவள் கை அந்த நரம்பைத் தேடித் தேடித் தவறவிடுவதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க வாங்க," என்றார் சின்ன டாக்டர்.

துப்பறிவாளர் தொண்டையைச் செருமினார். சின்ன டாக்டர் அவர் பக்கம் திரும்பாமலேயே, "நான் பக்கத்துலயே நிக்கிறேன். இந்தக் கைக்கு வேற ஆளில்ல," என்றார்.

சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். தையல்காரம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒத்தடம் கொடுத்தார், தடவினார், ஒரு இடத்தில் விரல் நின்றது. ஒரே குத்து. பச்சை.

இருட்டறையில் திரை விழித்தது. முதலில் கண்டுபிடித்தவன் மச்சினன்தான். "கோடு விழுந்திருக்கு," என்றான். மண்ணீரல் முழுக்கப் பளீரென்று புலிக்கோடு. சின்ன டாக்டர் அவனுக்குப் பதில் சொல்லாமல் கல்லீரல் படத்தை ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. சாம்பலுக்கு நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாக ஒன்று.

"இருக்கா?" என்றார் துப்பறிவாளர்.

"இருக்கு. போன மாசமே இருந்திருக்கும்."

கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார். மணி நாலு ஐந்து. கமிட்டியைக் காக்க வைக்கிற திமிரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தவர் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்ன டாக்டர் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொல்லி, "ஊசி அவங்க போட்டது. மங்கல் படத்துல கையெழுத்து போட்டது நான். என்ன செய்யணுமோ செய்ங்க," என்று முடித்தார்.

பெரிய டாக்டர் மேஜையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். "மிச்சம் எட்டு பேரா? நாலு பேரை நான் கூப்பிடுறேன். உன் வேலை எங்கயும் போகாது. சிஸ்டர் விஷயத்தை எட்டு பேரும் வந்து போனப்புறம் பேசுவோம்." அங்கேயே நின்றபடி போனை எடுத்தார். கமிட்டியை அவர் மறந்தேவிட்டார்.

சின்ன டாக்டர் எழுந்து போய் வாசலில் நின்றார்.

"வாங்க சிஸ்டர். உங்க ஊசியில வந்த படம். வந்து பாருங்க."

சிஸ்டர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். இருட்டில் எதன் மேலும் படாமல் நடந்து திரைக்கு முன்னால் நின்றார். மச்சினன் விலகி இடம் விட்டான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கறுப்பும் சாம்பலுமாக இருந்ததில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதும்மா?"

சின்ன டாக்டர் அவருடைய விரலைப் பிடித்து அந்த வெள்ளையின் மேல் வைத்தார். சிஸ்டர் விரலை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஸ்கேன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் தையல்காரம்மாவின் குரல் கேட்டது. "சிஸ்டர், கையை இறக்கலாமா? இந்த வாட்டியாவது படம் நல்லா வந்துச்சா?"

சிஸ்டர் இன்னொரு கையால் மைக்கின் பட்டனைத் துழாவி அழுத்தினார்.

"நல்லா வந்திருக்கும்மா," என்றார். "ரொம்ப நல்லா வந்திருக்கு."